மூச்சைப் பிடிங்க!

"மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க... பிடிங்க..."

தடதடவென்று இரைந்துவிட்டு ஸ்கேன் மெஷின் ஓய்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், திரையில் விழுந்த படத்தைப் பார்த்து டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"இது கல்லீரலா, கலங்கின குட்டையா? மறுபடியும் மூச்சு விட்டுட்டா!"

டெக்னீஷியனுக்குச் சுள்ளென்று ஏறியது. வெளியே ஏகப்பட்ட கூட்டம். போதாததற்கு அவருக்குக் கடும் ஜலதோஷம். முகமூடி போட்டால் மூச்சு முட்டியது; தாடைக்கு இறக்கி விட்டிருந்தார்.

"சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே டாக்டர்!"

"கோவப்படாதீங்க. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏத்தினதுல எதிர்ப்புச் சக்தி சுத்தமா போயிடுச்சு. காய்ச்சல் விட்டபாடில்ல. கல்லீரல்ல சீழ் கட்டியிருக்கான்னு இன்னைக்கே தெரியணும். தள்ளிப் போட்டா அந்தப் பொண்ணு தாங்காது."

டெக்னீஷியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனார். கல்லூரி போகிற வயசுதான் இருக்கும். துரும்பாய் இளைத்துக் கிடந்தாள். அவள் போட்டிருந்த முகமூடியில் கம்பி இருக்கிறது, மெஷினின் காந்தம் இழுத்துவிடும் என்று கழற்றி வாங்கி வைத்ததும் அவர்தான்.

அவள் முகத்துக்கு நேரே குனிந்து வயிற்றுப் பட்டையை இறுக்கினார்.

"ஏம்மா, வீட்டுல ரொம்பச் செல்லமோ? கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சா என்ன குறைஞ்சு போயிடுவ? உன் நல்லதுக்குத்தானே இவ்வளவு பாடு?"

அவள் வாயே திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையை வெறித்தாள்.

"அழுத்தத்தைப் பாரு!" முணுமுணுத்தபடி வெளியே வந்து, உட்கார்ந்ததும் மைக்கை அழுத்தினார். "மூச்சைப் பிடிங்க!"

இந்தத் தடவையும் கலங்கல்.

"என்னதாம்மா உன் பிரச்சினை?"

ஒலிபெருக்கியில் முதலில் வெறும் இரைப்புதான் வந்தது. பிறகு மெல்லிய குரல்.

"கோச்சுக்காதீங்கண்ணா. நீங்க உள்ள வராம இருந்தா, அடுத்த தடவை பிடிச்சுடுவேன்."

"நான் வந்தா என்ன? உன்னைக் கடிச்சா தின்னுடறேன்?"

"உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கில்லையாண்ணா... எனக்கு ஒட்டிக்கிட்டா ஆபத்தாச்சே. அதான், நீங்க உள்ள வந்தா திரும்பிப் போற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கறேன். அப்புறம் மெஷினுக்குப் பிடிக்கத் தெம்பு இல்ல."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருக்கும் இது தோன்றியிருக்கவில்லை.

"முதல்லயே... வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேம்மா?" டெக்னீஷியன் தாடையில் கிடந்த முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டார்.

"உடம்பு முடியாதப்பவும் எங்களுக்காக வந்திருக்கீங்க. அதைப் போய்ச் சொல்லிக்காட்டினா, உங்க மனசு நோகுமேன்னுதான்ணா."