முந்நூறு சிவப்பு மெழுகுதிரி

“உவளின்ரை மெழுகுதிரிப் புகை நெஞ்சுக்குக் கூடாது, சிஸ்டர். அதிலை போடுற சாயப்பொடி நஞ்சு.”

கன்னியர் மடத்து வாசலில் நின்று ஏரம்பு இதை மெதுவாகத்தான் சொன்னார்.

சிஸ்டர் பயந்துபோனார்.

“சின்னப் பிள்ளையளெல்லோ கையிலை பிடிச்சுக்கொண்டு வரப்போகுதுகள்! நல்ல காலம் சொன்னியள், ஐயா.”

திருநாளுக்கென்று சுவர்ணாவிடம் சொல்லியிருந்த முந்நூறு சிவப்பு மெழுகுதிரி அன்றைக்கே நின்றுபோனது.

ஏரம்பு சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்க்காற்றுகூடத் தெரியவில்லை.

பின்னே என்ன? இருபது வருடமாகத் தெல்லிப்பழைப் பக்கத்தில் மெழுகுதிரி என்றால் ஏரம்புதான். பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் சுவர்ணாவுக்கு அச்சில் நூல் கட்டப் பழக்கியதும் அவர்தான். இன்றைக்கு அவளுடைய சிவப்பும் நீலமும் கடைகளில் முன்வரிசையில் நிற்கின்றன. அவருடைய வெள்ளையைக் கரண்ட் போனால் மட்டும்தான் தேடுகிறார்கள்.

அந்த முந்நூறையும் தானே கொடுத்துவிடலாமென்று அன்றிரவே அவரும் நிறம் போட்டுப் பார்த்தார். பெட்டி இழைக்கும் பனையோலைக்கு மனைவி கமலாவதி போடுகிற சாயப்பொடியை எடுத்து, உருகிய மெழுகில் கொட்டினார். தண்ணீரில் கரைகிற பொடி மெழுகில் கரையவில்லை. மணல் மாதிரி அடியில் இருந்துவிட்டது. கொளுத்தினால் நூலை அடைத்துக்கொண்டு, சடசடவென்று அணைந்தது.

“சுவர்ணாவிட்டைக் கேட்டால் என்ன?” என்றாள் கமலாவதி.

“நான் பழக்கினவளிட்டை நான் போய்க் கேக்கிறதோ? உனக்கென்ன விசரோ?”

அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார். நாலாவது கடைக்காரன்தான் சரியான பொடியை எடுத்துக் காட்டினான்.

“மெழுகுக்கு எண்ணெயிலை கரையிற பொடி வேணும், ஐயா. முதல்லை ஒரு கரண்டி சூட்டு மெழுகிலை நல்லாக் கரைச்சு, துணியிலை வடிச்சுப்போட்டுக் கலவுங்கோ.”

வீட்டிலிருந்த மெழுகு முழுவதையும், விற்காத வெள்ளைத் திரிகளையும் சேர்த்து உருக்கினார் ஏரம்பு. முந்நூறும் செவ்வரத்தம்பூ மாதிரி வந்தன.

சனிக்கிழமை காலையில் அவற்றை இரண்டு பெட்டிகளில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு மடத்துக்குப் போனார். அங்கே சுவர்ணா நின்றாள். ஏன் வேண்டாமென்று சொன்னார்கள் என்று கேட்க வந்திருந்தாள்.

சிஸ்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“இதுவும் சாயப்பொடி போட்டதுதானே, ஐயா?”

“ஓம்... ஆனால் இது நல்ல பொடி, சிஸ்டர்.”

“எது நல்லது, எது நஞ்செண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? சுவர்ணாவின்ரை புகை கூடாதெண்டு நீங்கள்தானே வந்து சொன்னியள்? எனக்கு நிறமே வேண்டாம். வெள்ளை எத்தினை வைச்சிருக்கிறியள்?”

“ஒண்டும் இல்லை, சிஸ்டர். எல்லாத்தையும் உருக்கிப்போட்டன்.”

சுவர்ணா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏரம்பு சைக்கிள் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி வாய்க்கு வந்தபடி கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தார்.

அவள் பெட்டியிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தினாள். முகத்துக்குக் கிட்டப் பிடித்து மூச்சை இழுத்தாள்.

“சிஸ்டர், உதே பொடியைத்தான் நானும் போடுறனான். மூண்டு வருசமா உந்தப் புகைக்குள்ளைதான் நிக்கிறன். ஒரு இருமல் இல்லை. பயப்பிடாமல் எடுங்கோ.”

“அப்ப நீர் செய்து வைச்சிருக்கிறது?”

“என்ரையைக் கடைக்காரர் கொஞ்சம் கொஞ்சமா எடுப்பினம். அண்ணை இப்பத்தான் முதல்முதலா நிறத்திலை செய்திருக்கிறார். அவரின்ரை வீணாப் போகக் கூடாது.”

சிஸ்டர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீர் நல்ல மனுசி, சுவர்ணா.”

மத்தியானம் ஏரம்பு சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். வாயில் வைக்கவில்லை.

“முந்நூறையும் எடுத்தவையோ?” என்று கேட்டாள் கமலாவதி.

“ஓம்.”

“சிஸ்டர் ஏதும் குறை சொன்னவவோ?”

“இல்லை. சுவர்ணா எனக்காகக் கதைச்சவள்.”

“நல்லதுதானே? பிறகேன் உம்மெண்டு இருக்கிறியள்?”

ஏரம்பு சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“என்ன நல்லது? சிஸ்டர் திரியை மட்டும் என்னட்டை எடுத்துப்போட்டு, நல்ல மனுசி எண்ட பேரை உவளுக்கெல்லோ குடுத்திட்டா!”