நீலக் கையுறையில் வந்தவர்கள்

பொய்க் குறட்டையை வைத்தே டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்த பழைய ரயில் பரிசோதகர், இப்போது வார்டுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு நர்ஸின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முழங்காலில் புதுத் தையல். ஜன்னல் வெயில் அந்த நீலக் கையுறைகளில் வழுக்குகிறது. அவை பக்கத்துக் கட்டில்காரரின் சீழ்பிடித்த கட்டைப் பிரிக்கின்றன. அந்தக் கட்டில்காரருக்கும் இதே தையல்தான். போட்ட அன்று சீழ் இல்லை. கையுறைகள் குப்பைத்தொட்டியின் மூடியைத் தூக்குகின்றன, திரையை இழுக்கின்றன, அப்படியே இவர் பக்கம் வருகின்றன. பரிசோதகரின் கால் போர்வைக்குள் போய்விடுகிறது. "என்ன ஐயா, க்ளவுஸ் போட்டுக்கிட்டுத்தானே வர்றேன்?" என்கிறாள் நர்ஸ். "போட்டிருக்கீங்கம்மா. அது உங்க கைக்கு. என் காலுக்கு? அந்தக் கட்டில் கிருமியெல்லாம் அதுலதானே ஏறி வருது?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி முழங்கையால் இடிக்கிறாள். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்." நர்ஸ் உறைகளைக் கழற்றிப் போடுகிறாள், சானிடைசரை ஊற்றி விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் காயவிட்டு, புது உறை மாட்டுகிறாள். கால் மெல்ல வெளியே வருகிறது. தையலை நோக்கிக் குனிகையில் அவளுடைய மூக்குக்கண்ணாடி சரிய, நீல விரல் ஒன்று அதை மேலே தள்ளிவிடுகிறது. கால் மறுபடியும் உள்ளே. "இன்னொருத்தர் ஏறிட்டாரும்மா, டிக்கெட் இல்லாம," என்கிறார் பரிசோதகர். நர்ஸ் தன் விரலையே பார்க்கிறாள், சந்தேகமாக.