காலிச் சில்லின் கோடு

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் அவளுடைய முதல் வேலை, கிராஃபீன் என்ற கரிப்படலம் பூசிய, சொட்டு நீர் படாத புதுச் சில்லில் லேசரைப் பாய்ச்சிப் பார்ப்பது. மின்னழுத்தக் குமிழைத் திருகி ஏற்றினால், தூசளவு நஞ்சின் ராமன் கோடுகூட, அதாவது அது சிதறவிடும் ஒளியின் அடையாளக் கோடுகூட, திரையில் எகிறிவிடும். காலிச் சில்லில் எதுவும் தெரியக் கூடாது. ஆனால் சில நாட்களாக, அடுத்து வரப்போகிற தண்ணீரின் கோடு அதில் முன்கூட்டியே தெரிந்தது. வெளியே சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

இன்று பூச்சிமருந்தின் கோடு நெட்டுக்குத்தாக ஏறி நின்றது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலையே பார்த்தபடி இருந்தாள்.

தண்ணீர் மாதிரிகளைக் கொண்டுவரும் வண்டி ஓட்டுநர் சிரித்துக்கொண்டே பாட்டிலை நீட்டினார். "உங்க வீட்டுக் குழாய்த் தண்ணிதாம்மா. உங்க வீட்டுக்காரர்தான் புடிச்சுக் குடுத்தாரு. 'இதுக்கு என்ன குறைச்சல்'னு என் கண்ணு முன்னாடியே ஒரு டம்ளரை மடமடன்னு குடிச்சாரு."

அவள் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினாள். அடங்கியிருக்க வேண்டிய கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.