மகிமா பேர் சீட்டு

"மாமு, மகிமா பேர் சீட்டு எவ்ளோ கீதோ, அத்தனையும் குடு."

பகலவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவன் லட்சுமணன். மகிமாவை எதிர்த்து ஆடிக்கொண்டிருக்கும் செங்கொடியைக் கட்டின புருஷன்!

கொருக்குப்பேட்டை கேரம் கிளப்பில் பெண்கள் ஃபைனல். ஜெயித்தால் நேரே மாநிலப் போட்டி. செங்கொடி பழைய சாம்பியன். மகிமா கல்மண்டபத்துப் பெண், போட்டிக்குப் புதுசு.

இந்த கிளப்பில் ஒரு வழக்கம். ஆடுகிறவர்கள் பேரில் சீட்டு விற்பார்கள். ஜெயித்தவர் சீட்டுக்குப் பத்து ரூபாய், தோற்றவர் சீட்டு குப்பைக்கு. ஆட்டம் முடிகிற வரை சீட்டு கைமாறிக்கொண்டே இருக்கும். சீட்டு விற்பதும், அவ்வப்போதைய விலையைக் கரும்பலகையில் எழுதுவதும் பகலவன் வேலை.

மகிமா சீட்டு ஐந்தில் ஆரம்பித்து இரண்டுக்கு விழுந்திருந்தது. அவன் அழித்து எழுதும் போதெல்லாம் அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். கை நடுங்கியது. சும்மா தொட்டால் விழுகிற காயைக் கூடக் கோட்டைவிட்டாள்.

"இன்னா நைனா, உன் பொண்டாட்டிதானே ஜெயிச்சுகினு கீது?"

"நீ குடு மாமு. வெலைய நல்லா பெருசா எழுது."

புருஷனே எதிராளி சீட்டை வாங்கினால் கூட்டம் சும்மா இருக்குமா? முட்டி மோதி வாங்கியது. நாலு, ஆறு, ஏழு!

மகிமா பலகையைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஆடினாள் பாருங்கள், அடேங்கப்பா! செங்கொடியும் விட்டுக்கொடுக்காமல்தான் ஆடினாள். கடைசிக் காயில் மகிமா ஜெயித்துவிட்டாள்.

பகலவன் சாக்பீஸை வீசி எறிந்தான். கிளப்புக்குப் பின்னால் ஓடினான். செங்கொடி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் சீட்டுக் கட்டோடு லட்சுமணன்.

"ஆட்டத்த வித்துட்டு அழுகை வேறயா? த்தூ! கமிட்டியாண்ட சொல்லி உன்னைத் தள்ளி வைக்கிறேன் பாரு!"

செங்கொடி எழுந்தாள். புருஷன் கையிலிருந்த சீட்டுகளை வாங்கினாள். சரக் சரக்கென்று கிழித்தாள்.

"ஐயோ, ஒவ்வொண்ணும் பத்து ரூபாம்மா!" பகலவன் பதறினான்.

"அந்தக் காச வாங்கினா நீ சொன்னது நெஜமாயிடும்ண்ணா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாநிலப் போட்டி போச்சேன்னுதான் அழுவுறேன். ஆட்டத்து நடுவுல இவர வாங்கச் சொல்லி அனுப்பினதே நான்தான்."

"நீயா? எதுக்கும்மா?"

"அந்தப் பொண்ணு என்னாண்ட எங்க ஆடிச்சி? நீ எழுதுற வெலையப் பாத்துப் பயந்துகினு இருந்திச்சி. நடுங்குற கைய ஜெயிச்சிட்டு, நான் இன்னா சாம்பியன்?"