மூன்றாவது கல்

உல்ரிக்கேவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அர்ஜென்டினாவிலிருந்து விருந்தாளி வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. உள்ளே அடுப்பில் ஆப்பிள் கேக் வெந்துகொண்டிருக்க, அவள் வாசல் நடைபாதையில் மண்டியிட்டு, அங்கே பதித்திருந்த, பித்தளைத் தகடு போர்த்திய மூன்று சிறு நினைவுக் கற்களை, யூதர்கள் தாக்கப்பட்ட நவம்பர் இரவின் நினைவுநாளுக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாஜிகள் வந்து இழுத்துப்போகும்வரை அந்தக் கட்டடத்தில் குடியிருந்த யூதக் குடும்பத்தின் பெயர்கள் அவற்றில் இருந்தன: ஸீக்பெர்ட், ஹெர்த்தா, மகள் லிலோ.

இரண்டாம் மாடியில் இப்போது குடியிருக்கும் கிராமர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நவம்பர் வந்தா போதும், இதே கூத்துதான்! இந்த யூதங்க புராணம் எப்பத்தான் முடியும்?"

"உங்களுக்குக் கேக் கிடையாது, கிராமர் சார்!"

அந்த வழியாக வந்த மூதாட்டி ஒருவர் நின்றார். தெருவில் போகிறவர்கள் கைகொடுப்பது வழக்கம்தான் என்பதால், உல்ரிக்கே ஒரு துணியை நீட்டினாள். அவர் மெல்லக் குனிந்து மூன்றாவது கல்லை ஆசையாகத் தேய்த்தார்.

"நீங்களுமாம்மா?" கிராமர் சிரித்தார். "செத்தவங்க பேரைப் பளபளப்பாக்கி என்ன ஆகப்போகுது?"

"செத்தவங்கன்னு யாரு சொன்னது? கீழ வந்து படிங்க. அப்பா அம்மாவ தனியா விடக் கூடாதுன்னு, அர்ஜென்டினாவுக்குத் தப்பிச்சுப் போன எனக்கும் சேர்த்துக் கல்லு பதிச்சிருக்காங்க. லிலோ நான்தான்."

"லிலோ! நாலு மணிக்குன்னுதானே எழுதியிருந்தீங்க?" உல்ரிக்கே அவரைக் கட்டிக்கொண்டாள்.

"இருப்புக்கொள்ளலம்மா, ஓடி வந்துட்டேன்." லிலோ மேலே பார்த்தார். "ஐயா, நீங்க நிக்கிறது எங்க வீட்டு ஜன்னல். அப்பாவ இழுத்துட்டுப் போனப்ப அங்க நின்னுதான் கடைசியா கையாட்டினேன். கதவைத் திறந்து வைங்க, உங்களுக்கும் கேக் கொண்டுவரோம்."