சூடேறக் கூடாது

"அதைத் திறந்தீங்கன்னா எங்கப்பா செத்துடுவாரு மேடம்!"

பெரியவன் போட்ட சத்தத்தில் விமான நிலையத்தின் பரிசோதனை வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்றவர் கழற்றிய பெல்ட்டைக் கையில் பிடித்தபடியே நாலடி நகர்ந்துகொண்டார். பையைச் சோதிக்கும் அதிகாரியம்மா மட்டும் அசையவில்லை.

"உள்ள என்ன சார்?"

"ஊசி மருந்து. சூடேறினா கெட்டுப் போயிடும். டாக்டர் சீட்டு இருக்கு, பாருங்க."

"சிரிஞ்சு எல்லாம் ஸ்கிரீன்ல தெரியுது. திறக்காம விட முடியாது. இதை லக்கேஜ்ல போட்டிருக்கலாமே?"

"அங்க உறைஞ்சு போயிடும் மேடம், உறைஞ்சாலும் வீண்தான். கையிலதான் கொண்டு வரணும்னு தங்கச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னா."

தங்கை ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மருந்து விஷயத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அப்பா நினைவு வருவதும் போவதுமாகக் கிடக்கிறார், இந்த ஊசி இங்கே எங்கேயும் கிடைக்கவில்லை என்று நேற்று போனில் அழுதிருந்தாள்.

அப்பாவுக்குப் பெரியவன் ஒரு குறையும் வைத்ததில்லை. கட்டில் வேண்டும் என்றால் மறுநாளே கட்டில் வாசலில் இறங்கும், காற்று மெத்தை என்றால் காற்று மெத்தை. ஆபீஸில் லீவு குதிரைக்கொம்பு என்பதால் எல்லாம் போனிலேயே நடந்தது.

இந்த ஊசியையும் பார்சலில் போட்டுவிடுகிறேன் என்றுதான் முதலில் சொன்னான். வழியில் ஏதாவது குடோனில் வெந்து போகும் என்றாள். அந்தப் பக்கம் வரும் நண்பரிடம் கொடுத்தனுப்பவா என்று கேட்டதற்கு, "அவரு எங்கயாவது மறந்து வச்சிட்டா? நீயே கொண்டு வாண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

அதிகாரியம்மா கையுறையை மாட்டிக்கொண்டு ஜிப்பை ஒரு சாண் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், சட்டென்று மூடினார். "போங்க சார். அப்பா நல்லாயிடுவாரு" என்றார். பெரியவன் இரண்டு கையையும் கூப்பிவிட்டு ஓடினான்.

ஓடி என்ன பிரயோஜனம்? ஆட்களை ஏற்றிக்கொண்ட விமானம் கதவைச் சாத்திவிட்டு வெயிலில் சும்மா நின்றது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்பார்கள்; இவன் அப்பாவின் உயிரை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சார், பையை சீட்டுக்கு அடியில வைங்க" என்றாள் பணிப்பெண்.

"வச்சிடறேம்மா. இதை உங்க ஃப்ரிட்ஜ்ல கொஞ்சம் வைக்க முடியுமா? மருந்து."

"பயணிங்க மருந்தை நாங்க வாங்கி வைக்கக் கூடாது சார். ஐஸ் வேணா தரேன்."

பறக்க ஆரம்பித்ததும் மறக்காமல் ஒரு கவரில் ஐஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ஐஸ் நேராகப் பட்டாலும் மருந்து உறைந்துவிடும். பெரியவன் கழுத்தில் கிடந்த துண்டை ஐஸ் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்தான். பிறகு நிமிஷத்துக்கு ஒரு தரம் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தான்.

பக்கத்து சீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார், மீன் வாங்கிட்டுப் போறீங்களா?"

"எங்கப்பாவுக்கு மருந்து சார். இது கெட்டுப் போச்சுன்னா அவரு இல்ல."

அந்த மனிதர் தன் தலைக்கு மேலே இருந்த ஏசிக் காற்றைப் பை பக்கமாகத் திருப்பிவிட்டார்.

போன மாதம் போனில் அப்பாவுக்குக் குரலே எழும்பவில்லை. இவன் மீட்டிங்கில் இருந்தான், "சிக்னல் சரியில்லப்பா" என்று வைத்துவிட்டான். நான் போய்ச் சேருகிற வரைக்கும் அவரை விட்டுவை சாமி என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டான்.

இறங்கியதும் ஓட்டம்தான். டாக்சியில் ஏசியை முழுசாக வைக்கச் சொல்லி, டிரைவரை நச்சரித்து, வீட்டு வாசலில் குதித்தபோது சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. தங்கை கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"இருக்காரா?"

"இருக்காருண்ணே. உள்ள வா."

"இந்தா, தொட்டுப் பாரு, இன்னும் சில்லுன்னுதான் இருக்கு. சீக்கிரம் போடச் சொல்லு!"

அவள் அவசரப்படவில்லை. பையிலிருந்த நீல மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பின்னாலேயே போன பெரியவன் அப்படியே நின்றுவிட்டான்.

பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதே நீலப் பெட்டிகள், அதே மருந்து, வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்று பிரித்துப் பாதி காலியாகவும் இருந்தது.

"எங்கயுமே கிடைக்கலன்னியே?"

தங்கை அவன் கொண்டுவந்ததையும் அந்த வரிசையிலேயே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளறையிலிருந்து, "பெரியவனா வந்திருக்கான்?" என்று அப்பாவின் குரல் கம்மலாகக் கேட்டது.

அவள் அண்ணனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பார்சல்ல வர முடியாத மருந்தாப் பார்த்துத்தாண்ணே கேட்டேன்."