மூச்சை அடக்கிய நேரம்

டிரம்பெட்காரர் ஸ்கேன் அறை மேசையில் குப்புறப் படுத்திருக்கிறார். சிறுநீரகத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி; அது புற்றுதானா என்று சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். "ஊசி பட்டா உடம்பெல்லாம் பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர்?" தலைமாட்டில் நிற்கும் மனைவி மறுபடியும் கேட்கிறாள். "அது ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. ஊசி இந்தக் குழாய்க்குள்ளயே போய்ட்டு இதுக்குள்ளயே வந்துடும். வழியில எதையும் தொடாது." டாக்டர் அந்த மெல்லிய குழாயை விளக்கொளியில் தூக்கிக் காட்டுகிறார். மரத்துப்போன முதுகில் அது இறங்குகிறது. சாம்பல் நிறத் திரையில் வெள்ளைக் கோடொன்று கட்டியை நோக்கி நகர்கிறது. "மூச்சை அடக்குங்க, சிறுநீரகம் அசையக் கூடாது." அறையே மூச்சை அடக்குகிறது. குழாய் வழியே பாயும் ஊசியிலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம். வெளியே வந்த ஊசியில் நூல் மாதிரி வெளிறிய சதை ஒட்டியிருக்கிறது. நர்ஸ் அதைப் புட்டியில் நழுவ விடுகிறாள். டாக்டரின் கண்கள் திரையிலேயே இருக்கின்றன. ரத்தம் கசிந்தால் அங்கே கருப்பாக விரியும். விரியவில்லை. இன்னும் விரியவில்லை. "பிரமாதம்!" என்கிறார் டாக்டர். மனைவி கணவரின் காதருகே குனிகிறாள். "ஏங்க, எடுத்தாச்சு! மூச்சு விடுங்க!" "அவ்வளவுதானா?" என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, முதுகில் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கும் டாக்டர், "ஆடாதீங்க சார்!" என்று தானும் சிரித்துவிடுகிறார்.